இன்னிக்கு ஒண்ணும் இல்லீங்க ஐயா

எங்க ஊர் காஞ்சிபுரத்தில் பெருமாளுக்குப் பஞ்சமில்லை. நின்ற பெருமாள், இருந்த பெருமாள், கிடந்த பெருமாள் எல்லாரும் உண்டு. அவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் திருவெஃகாவில் படுத்திருப்பவர். திருநாமமே 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்'. கதை தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனை ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார் ராஜா. சீடன் கிளம்பினான். சீடன் இல்லாத ஊரில் எனக்கென்ன வேலை என்று ஆழ்வாரும் கிளம்பினார். போகிறபோக்கில் பெருமாளையும் கிளம்பச் சொன்னார். பெருமாள் வாய்தா கேட்கவில்லை. "யோசிச்சு சொல்றேன்" என்று சொல்லவில்லை. பாம்புப் படுக்கையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அன்று ராத்திரி அவர்கள் தங்கிய இடம்தான் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஓரிக்கை, அதாவது ஓரிரவு இருக்கை என்பார்கள். ராஜா பயந்துபோய் மன்னிப்புக் கேட்க, ஆழ்வார் திரும்பி வரச் சொல்ல, பெருமாள் திரும்பி வந்து மறுபடி படுத்துக்கொண்டார்.

கூப்பிட்ட குரலுக்கு ஆண்டவனே எழுந்து வருகிறார். கூப்பிட்ட போனை வக்கீல் ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார்? இந்த வாரம் இதைத்தான் விசாரிக்கப் போகிறேன். முதல் குற்றவாளிக் கூண்டில் நானே ஏறிக்கொள்கிறேன்.

*

2022 ஆவணி. கல்யாண சீசன். காந்தி ரோடு ஜவுளிக்கடை வாசல்களில் வேனும் காரும் மூச்சுமுட்ட நிற்கும் நேரம். எங்கள் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் விடிந்ததிலிருந்து தறிச் சத்தம். வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்று நாற்பதுக்கு என் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் எதிர்வீட்டுத் தறிக்கார மாமா. சொந்த மாமா இல்லை, தெரு மாமா. எதிர்வீட்டில் இருக்கிறவர் எதற்கு போன் பண்ண வேண்டும், காலையில் திண்ணையிலேயே பேசிக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

மாமா எதிர்வீட்டிலிருந்து கூப்பிடவில்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டு கூப்பிட்டிருக்கிறார்.

விஷயம் இதுதான். அவர் பையனுக்கு இருபத்திரண்டு வயது. பகலில் ஒரு கடைக்குப் புடவைப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பான். சாயங்காலம் வந்து அப்பாவுக்குக் கோர்வை வாங்க உட்காருவான். அன்றைக்கு பைக் நிறுத்துகிற இடத்தில் தகராறு. இரண்டு கோஷ்டி. யாரோ ஒருத்தன் இரும்புக் கம்பியை எடுக்க, ஒருத்தன் மண்டை உடைந்துவிட்டது. பையன் விலக்கிவிடப் போனதாக அவன் சொல்கிறான். கூட்டத்தில் நின்றதாகப் போலீஸ் சொல்கிறது. நாலு பேரைப் பிடித்தார்கள். அப்போது அமலில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் 307, கொலை முயற்சி.

மறுநாள் காலை மாமா வந்து என் வீட்டு வாசலில் நின்றார். "தம்பி, நீ பத்திரிகையில எழுதுற, பி.காம். வேற. உனக்குச் சட்டம் தெரியும்ல?" என்றார். பி.காமில் 'மெர்க்கன்டைல் லா' என்று ஒரு பேப்பர் உண்டு. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம். அதில் நான் வாங்கியது நாற்பத்தொன்று. கொலை முயற்சிக்கு அது போதாது. ஆனால் ராத்திரி போனை எடுக்காத குற்ற உணர்ச்சி இருக்கிறதே, அதற்கு நூற்றுக்கு நூறு. "வாங்க மாமா, போலாம்" என்றேன்.

காஞ்சிபுரத்தில் கிரிமினல் சட்டம் தெரியாதவர்கள் கிடையாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். 2004-ல் சங்கரராமன் கொலை வழக்கு வந்த நாளிலிருந்து ரிமாண்ட், கஸ்டடி, ஜாமீன், குற்றப்பத்திரிகை எல்லாம் எங்கள் ஊர் டீக்கடையில் வடைக்குத் தொட்டுக்கொள்ளும் சட்னி. 2013 நவம்பரில் புதுச்சேரி கோர்ட் எல்லாரையும் விடுதலை செய்கிற வரைக்கும் ஒன்பது வருஷம் ஊரே வகுப்பு எடுத்தது. ஆனால் நம் வீட்டுப் பையனை ஜீப்பில் ஏற்றுகிறபோது அந்த ஒன்பது வருஷப் படிப்பில் ஒரு வரி ஞாபகம் வருவதில்லை.

*

விசாரித்ததில் ஒரு பெரிய வக்கீல் பெயர் சொன்னார்கள். போனோம். தடி தடியாகச் சட்டப் புத்தகம், ஏ.சி., சுவரில் கட்சித் தலைவரோடு எடுத்த போட்டோ. ஐந்து நிமிஷம் கேட்டார். "பாத்துக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் மாமாவுக்குப் பாதி உயிர் வந்தது. வக்காலத்தில் கையெழுத்து. முப்பதாயிரம் அட்வான்ஸ். மூன்று போன் நம்பர் போட்ட விசிட்டிங் கார்டு.

அதற்கப்புறம் அவரைப் பார்க்கவில்லை.

எங்கள் அத்திவரதர்கூட நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவை, 2019-ல், குளத்திலிருந்து வெளியே வந்து 48 நாள் ஏழை பணக்காரன் பார்க்காமல் தரிசனம் கொடுத்தார். வக்கீல் தரிசனத்துக்கு அப்படி ஒரு கணக்கும் இல்லை. முதல் நம்பரில் பக்திப் பாட்டு முழுக்கக் கேட்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். இரண்டாவது நம்பர் அணைத்து வைக்கப்பட்டுள்ளது. மூன்றாவது நம்பரில் ஜூனியர் எடுப்பார். "சார் கோர்ட்ல இருக்கார்." மதியம் கூப்பிட்டால், "சார் சாப்பிடறார்." சாயங்காலம், "சார் மெட்ராஸ் போயிருக்கார்." ஞாயிற்றுக்கிழமை, "சார் இன்னிக்கு யாரையும் பாக்கறதில்ல." ஜாமீன் மனு என்னாச்சு என்றால், "போட்டாச்சுங்க, நம்பர் ஆகணும்."

மாமா நல்ல மனுஷன். தறியில் உட்கார்ந்தால் எட்டு மணி நேரம் வாய் திறக்காதவர். அவர் ஒரு நாளைக்குப் பதினொரு தடவை போன் பண்ணினார். பதினொரு தடவையும் அந்தப் பக்திப் பாட்டு. மூன்றாம் நாள் சொன்னார், "அந்தச் சாமி மேலயே வெறுப்பு வந்துடும் போலருக்கு தம்பி."

எதிர்வீட்டுத் தறி நின்றுவிட்டது. எங்கள் தெருவில் ஒரு தறி நின்றால் வீட்டுக்குள் இருந்தபடியே தெரியும். பல்வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி சத்தத்தில் ஓர் ஓட்டை. கோர்வைப் புடவைக்கு ஒருத்தர் போதாது. நெய்கிறவர் ஒரு பக்கம், கரைக்கு நாடா வாங்கிக் கொடுக்கிறவர் மறுபக்கம். மறுபக்க ஆள் ஜெயிலில். அது மட்டும் காரணமில்லை. மாமாவுக்கே கை ஓடவில்லை. பாவு தறியில் பாதியில் நின்றது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் செலவாகிவிட்டது.

*

வக்கீல் பேசாமல் இருந்தால் ஊர் பேசும். இதைத்தான் அந்த ஒன்பது நாளில் நான் கற்றுக்கொண்டேன்.

நாலாம் நாள் டீக்கடையில் ஒருவர் முளைத்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு செல்போன். "அம்பதாயிரம் குடுங்க, மேலிடம் வரைக்கும் சொல்லி பேரையே எடுத்துடலாம்" என்றார். எந்த மேலிடம், யார் பேர் என்று கேட்டால் கண்ணடித்தார். அவர் ஒரு போனுக்கு முதல் ரிங்கிலேயே பதில் சொல்லுவார். மாமா மனசில் அதுதான் பதிந்தது. "இவரு எடுக்குறாரே தம்பி!" அத்தை பீரோவைத் திறந்துவிட்டாள்.

ஆறாம் நாள் இன்னொரு பெரியவர் யோசனை சொன்னார். அடிபட்ட பையனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துக் காலில் விழுந்துவிட்டால் கேஸை வாபஸ் வாங்கிவிடுவான் என்று. நல்ல மனசோடு சொன்ன யோசனை. ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு என் பைக்கிலேயே போனோம். ஆஸ்பத்திரி வாசலில் அவன் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். மாமாவுக்குக் கால் வரவில்லை. திரும்பிவிட்டோம். ஹார்லிக்ஸ் என் வீட்டில் காலியானது.

இந்த இரண்டு காரியமும் சரியா தப்பா என்று கேட்க எங்களிடம் முப்பதாயிரம் வாங்கிய ஓர் ஆள் இருந்தார். ஒரு நிமிஷம் போனை எடுத்து "வேணாம்" என்று சொல்லியிருந்தால் போதும்.

ஒன்பதாம் நாள் நான் கோர்ட்டுக்குப் போனேன். ஜூனியரை மரத்தடியில் மடக்கிக் கேட்டதில் உண்மை வந்தது. மனு போட்டது நிஜம். ஏதோ ஒரு காப்பி வைக்கவில்லை என்று ஆபீஸில் ரிட்டர்ன் செய்திருக்கிறார்கள். சரிசெய்து மறுபடி தாக்கல் செய்ய வேண்டும். ஆறு நாளாக அது அவர் பைக்குள் இருந்தது. பையன் ஜெயிலில், அவன் மனு பையில்.

*

அதே கோர்ட் வளாகத்தில் ஒரு போர்டு கண்ணில் பட்டது. இலவச சட்ட உதவி. இலவசம் என்றால் தரம் குறைவு என்கிற எண்ணம் நமக்கெல்லாம் உண்டு. ரேஷன் அரிசி மாதிரி. தயங்கித்தான் உள்ளே போனேன்.

போனபிறகுதான் தெரிந்தது, 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1995 நவம்பர் 9 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் இவர்களோடு, காவலில் இருக்கிற எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கேட்கிற உரிமை உண்டு. 15100 என்று ஒரு போன் நம்பரே இருக்கிறது. மூன்று நம்பர் போட்ட கார்டை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் அலைந்தவனுக்கு இந்த ஒரு நம்பரை யாரும் சொல்லவில்லை.

அங்கே கொடுத்த வக்கீல் ஓர் இளம்பெண். முப்பது வயசுகூட இருக்காது. கோட்டுக் கையில் ஒரு பட்டன் இல்லை. ஸ்கூட்டரில் வந்தார். மாமா என் காதில், "பொண்ணா இருக்கே, சின்ன வயசா வேற இருக்கே" என்றார். அந்தப் பெண் காதில் அது விழுந்தது. விழாத மாதிரி ஒரு நோட்டைத் திறந்தார். நாற்பது நிமிஷம் கேட்டார். வெள்ளைப் பேப்பரில் எங்கேயாவது கையெழுத்துப் போட்டீர்களா? கைது செய்தபோது சாட்சியாக யாரிடம் கையெழுத்து வாங்கினார்கள்? பையனுக்கு அடி பட்டிருக்கிறதா? ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா?

"வாசல் வரைக்கும்" என்றேன்.

"உள்ளே போகலியே? நல்ல வேளை. போயிருந்தீங்கன்னா சாட்சியைக் கலைக்கப் பாக்கறாங்கன்னு அரசு வக்கீல் ஒரே வரி சொல்லுவார். ஜாமீன் அதோட சரி."

டீக்கடைக்காரர் விஷயத்தையும் சொன்னேன். "அம்பதாயிரத்தை வச்சுக்குங்க. அந்த ஆள் பேரையே எடுத்துடுவேன்னு சொல்றது எஃப்.ஐ.ஆர். அதை ரப்பர் வச்சு அழிக்க முடியாது" என்றார். பீரோ மூடியது.

பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும், கட்டைத் திரும்ப வாங்க வேண்டும். கொடுக்க மாட்டேன் என்றால்? "பீஸ் பாக்கி இருந்தாக்கூட கட்டை நிறுத்திவைக்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2000-லயே சொல்லிடுச்சு. கேளுங்க, குடுப்பாங்க" என்றார். கேட்டோம். கொடுத்தார்கள். முப்பதாயிரம் மட்டும் வரவில்லை. வணிகவியல் மாணவன் என்ற முறையில் 'சேவைக் குறைபாடு, நுகர்வோர் கோர்ட்' என்று ஆரம்பித்தேன். அதுவும் பிற்பாடு நடக்காது என்று ஆகிவிட்டது. வக்கீல் மேல் நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது என்று 2024 மே 14-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அவர் கடமை தவறினால் மாநில பார் கவுன்சிலில்தான் புகார் கொடுக்க வேண்டும். 1961-ம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டம் 35-ம் பிரிவு. அமெரிக்காவில் வக்கீல் சங்கம் 1983-ல் வகுத்த மாதிரி விதிகளில், கட்சிக்காரருக்கு வழக்கின் நிலையைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், நியாயமான கேள்விக்குச் சட்டென்று பதில் தர வேண்டும் என்பது தனி விதியாகவே இருக்கிறதாம். நம் ஊரில் அது அந்தந்த வக்கீலின் சுபாவத்தைப் பொறுத்தது.

புறப்படும்போது அந்தப் பெண் ஒரு விதி போட்டார். "ஐயா, கோர்ட்ல இருக்கும்போது என்னால போன் எடுக்க முடியாது. நீங்க பதினொரு தடவை கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். ஆனா தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு நானே சொல்றேன். ஒண்ணும் நடக்கலைன்னாலும் சொல்லுவேன்."

*

அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு மாமா திண்ணையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் இருந்தேன். இதெல்லாம் சொல்வதோடு சரி என்பதுதான் என் கணக்கு. ஒன்பது ஐந்துக்கு வாட்ஸ்அப்பில் குரல் வந்தது. "ஐயா, மனு போட்டாச்சு. நாளைக்கு நம்பர் ஆகும். பையனைப் பார்த்தேன். சாப்பிட்டான். அம்மாகிட்ட அழ வேணாம்னு சொல்லச் சொன்னான்."

பத்து விநாடி இருக்கும். மாமா அதை ஏழு தடவை போட்டுக் கேட்டார்.

மறுநாள் ராத்திரி ஒன்பதுக்கு, "நம்பர் ஆயிடுச்சு. திங்கக்கிழமை வருது." அதற்கு மறுநாள் சனிக்கிழமை, "இன்னிக்கு ஒண்ணும் இல்லீங்க ஐயா. தூங்குங்க."

சார், நான் பதினைந்து வருஷமாக எழுதுகிறேன். இவ்வளவு நல்ல வாக்கியம் ஒன்றுகூட எழுதியதில்லை. ஒரு செய்தியும் இல்லை என்பதே ஒரு செய்தி. அதைச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் என்பது அதைவிடப் பெரிய செய்தி. மாமா உள்ளே போய் நிஜமாகவே தூங்கினார்.

திங்கட்கிழமை மத்தியானம் ஒன்றேகாலுக்கு அவரே கூப்பிட்டார். ஜாமீன் தள்ளுபடி. அடிபட்டவன் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், இப்போது விட முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. "ஐயா, தோத்துட்டோம். இது எதிர்பார்த்ததுதான். அவன் டிஸ்சார்ஜ் ஆனதும் மறுபடி போடலாம். அதுவரைக்கும் யார் என்ன சொன்னாலும் எனக்குச் சொல்லாம எதுவும் செய்யாதீங்க."

மாமா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். அத்தை அழுதாள். நான் இந்தப் பெண்ணையும் மாற்றச் சொல்லப்போகிறார்கள், அடுத்த வக்கீலுக்கு அலைய வேண்டும் என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு எதிர்வீட்டிலிருந்து தறிச் சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். குழியில் மாமா. மறுபக்கம் கோர்வை வாங்க அத்தை. "என்ன மாமா, பெரிய வக்கீல் தோக்கவே இல்ல, அப்ப தறி நின்னுச்சு. இந்தம்மா தோத்தாங்க, தறி ஓடுதே?" என்றேன். கொஞ்சம் வேடிக்கையாகத்தான் கேட்டேன்.

மாமா அறுந்த இழை ஒன்றைத் தேடிப் பிடித்துப் பிணைத்துக்கொண்டே சொன்னார். "இழை அறுந்தது தெரிஞ்சா ஒண்ணும் இல்ல தம்பி. முடிச்சுப் போட்டுட்டு ஓட்டலாம். அறுந்தது தெரியாம நாலு வெரக்கடை ஓடிப் போச்சுன்னாதான் பயம். அத்தனையும் பிரிக்கணும்."

*

இதெல்லாம் வெறும் மன ஆறுதல் சமாச்சாரம், வக்கீலுக்கு வேண்டியது சட்ட ஞானம் என்று சிலர் சொல்லக்கூடும். வாஸ்தவம். ஆனால் கிரிமினல் சட்டத்தில் பாதி, கடிகாரம்.

கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இது அரசியல் சட்டம் 22-வது பிரிவு. சொந்தக்காரருக்குச் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். இது 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் வந்த தீர்ப்பு. விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கலாம், ஆனால் முழு நேரமும் கூடவே வைத்துக்கொள்ள முடியாது. 2024 ஜூலை 1-ல் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இதெல்லாம் இருக்கிறது. இருந்தென்ன? வெள்ளிக்கிழமை ராத்திரி போன் எடுக்கிற வக்கீல் இருந்தால்தான் அந்த 24 மணி நேரத்துக்கு மதிப்பு. திங்கட்கிழமை எடுக்கிற வக்கீலுக்கு அது பழைய பேப்பர்.

அடுத்த கடிகாரம் இன்னும் பெரியது. 60 நாள் அல்லது 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் உள்ளே இருப்பவருக்கு ஜாமீன் உரிமையாகவே வந்துவிடும். எங்கள் கேஸ் மாதிரி ஆயுள் தண்டனை வரை போகிற குற்றங்களுக்கு 90. பெரிய அளவு போதைப்பொருள் வழக்குகளுக்கு 180. ஆனால் தானாகக் கதவு திறக்காது. கேட்க வேண்டும். அதுவும் குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்னால் கேட்க வேண்டும். வந்துவிட்டால் உரிமை போச்சு.

எவ்வளவு முன்னால்? சென்னையில் நடந்ததைச் சொல்கிறேன். போதைப்பொருள் வழக்கு ஒன்றில் 2018 ஆகஸ்ட் 4-ல் ஒருவர் ரிமாண்ட் ஆனார். 180 நாள் 2019 ஜனவரி 31-ல் முடிந்தது. மறுநாள் பிப்ரவரி 1, காலை 10.30-க்கு அவர் வக்கீல் ஜாமீன் மனுவோடு கோர்ட்டில் நிற்கிறார். அதே நாள் சாயங்காலம் 4.25-க்கு அதிகாரிகள் கூடுதல் புகார் மனுவைத் தாக்கல் செய்கிறார்கள். சிறப்பு நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. ஐகோர்ட் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 26-ல் தீர்ப்புச் சொன்னது. காலையில் கேட்டவருக்கு உரிமை வந்துவிட்டது, சாயங்காலம் வந்த காகிதம் அதைப் பறிக்க முடியாது என்று.

பத்தரைக்கும் நாலு இருபத்தைந்துக்கும் நடுவில் ஆறு மணி நேரத்துக்கு ஐந்து நிமிஷம் குறைவு. அவர் செய்தது சரியா தப்பா என்பது வேறு வழக்கு. ஆனால் அவர் வக்கீல் அன்று காலை "சார் சாப்பிடறார்" வகையாக இருந்து, சாவகாசமாக நாலரைக்கு மனு கொடுத்திருந்தால், நாட்டின் உச்ச நீதிமன்றம்கூட ஒன்றும் செய்திருக்க முடியாது. ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023 மார்ச்சில் இன்னொரு தீர்ப்பு வந்திருக்கிறது. பி.காம். படித்தவன் சொல்கிறேன், ஒரு நாள் கணக்குப் பிசகினால் பேரேடு ஒத்துப்போகாது என்பது மட்டுமல்ல, மனுஷன் உள்ளேயே இருக்க வேண்டும்.

அந்தப் பெண் எங்களைப் பார்த்த முதல் நாளே மாமா வீட்டுத் தினசரிக் காலண்டரில் நவம்பர் பக்கத்தைத் தேடி ஒரு தாளின் மூலையை மடித்து வைக்கச் சொன்னார். தொண்ணூறாவது நாள். மாமா தினம் ஒரு தாள் கிழிக்கும்போது அந்த மடிப்பைத் தொட்டுப் பார்ப்பார்.

அதற்கு வேலை வரவில்லை. அடிபட்டவன் டிஸ்சார்ஜ் ஆனான். இரண்டாவது மனு. முப்பத்தோராவது நாள் ஜாமீன் கிடைத்தது. தினம் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து, மறு உத்தரவு வரும் வரை. பையன் வந்து திண்ணையில் உட்கார்ந்ததும் மாமா அவனிடம் ஒன்றும் பேசவில்லை. தலையைத் தடவிவிட்டு, "கோர்வை வாங்க உக்காரு" என்றார். வழக்கு இன்னும் நடக்கிறது. என்ன ஆகும் என்று அந்தப் பெண்ணைக் கேட்டால், "தெரியலீங்க. தெரிஞ்சா சொல்றேன்" என்பார். சொல்லுவார்.

*

வக்கீல்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு இருபது கேஸ். ஜட்ஜ் முன்னால் போன் அடித்தால் மானம் போகும். எங்கள் மாமாவைப் போலப் பதினொரு தடவை கூப்பிடும் கட்சிக்காரர்கள் ஐம்பது பேர் இருந்தால் யாரால் முடியும்? அந்தப் பெண்ணிடமே கேட்டேன், உங்களால் மட்டும் எப்படி முடிகிறது என்று. "ஒன்பது மணிக்கு நான் சொல்லிடுவேன்னு தெரிஞ்சதும் அவங்க பதினொரு தடவை கூப்பிடறதை நிறுத்திடறாங்க சார். எனக்கும் நிம்மதி" என்றார்.

ஆகவே, எந்த வீட்டுக்கும் வரக்கூடாது, வந்தால் வக்கீலிடம் முதல் நாள் 'ஜெயிப்பீங்களா' என்று கேட்காதீர்கள். எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்லுவார்கள். 'என்னைக்கு எத்தனை மணிக்குச் சொல்லுவீங்க' என்று கேளுங்கள். நீங்கள் கோர்ட்டில் இருந்தால் போனை யார் எடுப்பார்கள், மனு நம்பர் என்ன, அடுத்த தேதி என்ன, தொண்ணூறாவது நாள் எது. பதில் வரும் விதத்திலேயே மீதி தெரிந்துவிடும்.

என் குற்றம் பாக்கி இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி போனை ஏன் எடுக்கலை என்று மாமா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நானே போன வாரம் ஒப்புக்கொண்டேன். தூக்கம் இல்லை மாமா, சோம்பல் என்று. "விடு தம்பி. காலையில கூட வந்தியே" என்றார். விடுதலையா, சந்தேகத்தின் பலனா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து எந்த நேரம் அடித்தாலும் எடுத்துவிடுகிறேன். கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கிற பெண்களுக்கெல்லாம் என் குரல் பழக்கமாகிவிட்டது.

ஒரே ஒரு விதிவிலக்கு. இந்தப் பத்தி எங்கே என்று ஆசிரியர் நேற்றிலிருந்து நாலு தடவை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. ராத்திரி மணியைப் பார்த்தேன். ஒன்பது. வெட்கமாகிவிட்டது. நானே கூப்பிட்டுச் சொன்னேன்:

"இன்னிக்கு ஒண்ணும் இல்லீங்க ஐயா. தூங்குங்க. நாளைக்குக் காலையில பத்தரைக்குத் தாக்கல் பண்ணிடறேன்."